குஞ்சு எடுக்க எந்த லோச்: கூலியா, ஸீப்ராவா, நம் அயிரையா?

பல இன மீன்கள் சேர்ந்து வாழும் மூன்றடிக் கம்யூனிட்டி தொட்டியில் ரஸ்போரா, டெட்ரா ஆகிய சிறு மீன்களோடு, தொட்டியின் அடியில் திரியும் லோச் மீன்களையும் வளர்த்து, தனித் தொட்டி போடாமல் அங்கேயே குஞ்சு எடுத்துவிட வேண்டும் என்று நான் கிளம்பியபோது மூன்று மீன்கள் என் பட்டியலில் இருந்தன. தென்கிழக்காசியாவின் கூலி லோச், மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளின் ஸீப்ரா லோச், கண்மாயிலும் வயல் வாய்க்காலிலும் கிடைக்கும் நம் அயிரை. கூலியைத் தேர்ந்தெடுத்தேன். நான்கு ஆண்டுகள் கழித்தும் அந்த முடிவில் எனக்கு வருத்தமில்லை. ஆகவே இந்த அலசல் நடுநிலையானது என்று சொல்லிக்கொள்ள மாட்டேன்.

ஸீப்ரா லோச்சைச் சீக்கிரமே கழித்துவிடலாம். பார்வைக்கு மூன்றிலும் அதுவே அழகு. தொட்டியில் பெருகும் நத்தைகளையும் தின்று தீர்த்துவிடும். ஆனால் அதன் இனத்து மீன்கள் வீட்டுத் தொட்டியில் தாமாக முட்டையிடுவது மிக அரிது. பண்ணைகளில் ஹார்மோன் ஊசி போட்டுத்தான் முட்டை எடுக்கிறார்கள். போதாக்குறைக்கு அது அழியும் அபாயத்தில் உள்ள மீன் என்று ஐயுசிஎன் என்ற பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் பட்டியலில் இருக்கிறது. கடையில் விற்பது ஆற்றில் பிடித்ததா, பண்ணையில் பிறந்ததா என்று கேட்காமல் வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

எஞ்சிய இரண்டும் நெருங்கிய உறவுக்காரர்கள். இரண்டுக்கும் 1846-ஆம் ஆண்டில் அறிவியல் பெயர் சூட்டியவர் வாலென்சியன் என்ற பிரெஞ்சு விலங்கியலாளர்தான். இரண்டும் விரல் நீளத்துக்கு மேல் வளராதவை. இரண்டுக்கும் கண்ணுக்குக் கீழே ஒரு சிறு முள் உண்டு. வலையால் பிடித்தால் அந்த முள் கண்ணியில் மாட்டிக்கொள்ளும் என்பதால் டம்ளரில் ஓட்டிப் பிடிப்பதே நல்லது. முட்டைக்குத் தயாராகிவிட்டதா என்று கண்டறிவதில் கூலி ஒரு படி மேல்: பெண் மீனின் வயிற்றுத் தோலுக்கு உள்ளே பச்சை நிறத்தில் சினை தெளிவாகத் தெரியும். ஒளி குறைந்த மாலை நேரத்தில் கண்ணாடியோரமாக அது ஏறும்போது, பாசிப்பயறை அரைத்துத் தடவியது போல அந்தப் பச்சை துலங்குவதைக் காணலாம்.

ஆனால் உண்மையான கேள்வி முட்டையிடுமா என்பதல்ல, இட்ட முட்டையில் எது பிழைக்கும் என்பதுதான். கம்யூனிட்டி தொட்டியில் டெட்ராவும் தின்னும், ரஸ்போராவும் தின்னும், பெற்ற மீனே திரும்பி வந்து தின்னும். ஆகவே பெரிய மீன் எதுவும் நுழைய முடியாத ஓரிடம் அதே தொட்டிக்குள் இருந்தாக வேண்டும். அந்த இடத்தைத் தருவது, பழைய சரக்கு என்று பலரும் கழற்றி எறிந்துவிட்ட அண்டர் கிராவல் ஃபில்டர். அதன் துளைத் தட்டு கூழாங்கல்லுக்கு அடியில் இருக்க, நீர் கல்லின் ஊடே கீழிறங்கிக் குழாய் வழியாக மேலேறுகிறது. மிதக்கும் செடிகளிடையே கூலி இடும் முட்டைகளில் கீழே உதிர்பவையும், ஓரிரு நாளில் பொரியும் நுண்குஞ்சுகளும் கல்லிடுக்கு வழியாகத் தட்டுக்கு அடியில் சென்று சேர்கின்றன. அங்கே படியும் மக்கிலுள்ள நுண்ணுயிர்களே அவற்றுக்கு முதல் உணவு.

இதை நான் திட்டமிட்டுக் கண்டுபிடிக்கவில்லை. எட்டுக் கூலிகளில் ஒன்று காணாமல் போய், செத்திருக்கும் என்று கைவிட்டு மூன்று மாதம் ஆன பிறகு, தட்டைத் தூக்கியபோது அது இளைத்த உடம்போடு அடியில் உயிருடன் கிடந்தது. மேலேற்றுக் குழாயின் வாய் வழியாக நீரோட்டத்தை எதிர்த்து உள்ளே இறங்கியிருக்கிறது. அதன் அருகில் தீக்குச்சியில் பாதி நீளத்தில், வரிகள் முழுமையாக விழுந்த ஐந்து குஞ்சுகள் நெளிந்துகொண்டிருந்தன. அன்றே குழாய் வாயில் கொசுவலைத் துண்டைக் கட்டினேன். அதன்பின் பெரியவை அடியில் இறங்கவில்லை. அடுத்த மழைக்காலத்தில் பதினொரு குஞ்சுகள் கிடைத்தன.

அயிரை பின்தங்குவது இந்த இடத்தில்தான். அதற்குப் புதைந்துகொள்ள மெல்லிய மணல் வேண்டும். மணலைத் தட்டின் மேல் போட்டால் துளை வழியாக இறங்கி அடியை அடைத்துவிடும். மணலைக் கைவிட்டுக் கூழாங்கல் போட்டால் அயிரை மீசை தேய்ந்து, ஒடுங்கிப் போகிறது. கூலிக்கும் மணல்தான் விருப்பம் என்றாலும், மூன்று நான்கு மில்லிமீட்டர் அளவுள்ள உருண்டைக் கல்லில் அது சமாளித்துக்கொள்கிறது. அயிரையை நான் ஓராண்டுதான், அதுவும் ஆறு மீன்கள்தான் வளர்த்தேன். குஞ்சு கிடைக்கவில்லை என்பதை என் கைக்குறையாகவே எடுத்துக்கொள்ளலாம். மதுரைப் பக்கத்தில் உயிரோடு வாங்கிப் பாலில் விட்டு மண்ணைக் கக்க வைத்துக் குழம்பு வைக்கும் மீனுக்குக் கண்ணாடித் தொட்டியா என்று வீட்டில் கேட்டதற்கும் என்னிடம் பதில் இல்லை.

கூலியைத் தேர்ந்தெடுப்பவர் ஏற்க வேண்டிய சுமை, பராமரிப்பு. கல்லின் அழுக்கை உறிஞ்சாமல் விட்டால் நீரில் நைட்ரேட் என்ற கழிவுப்பொருள் ஏறும். முழுவதும் உறிஞ்சினால் குஞ்சும் போய்விடும். வாரம் ஒரு பாதி என்று மாற்றி மாற்றி, அழுக்கு உறிஞ்சும் குழாயின் நுனியில் மெல்லிய துணி கட்டி உறிஞ்சுகிறேன். அதைவிட முக்கியமானது மின்வெட்டு: பம்ப் நின்றால் தட்டுக்கு அடியில்தான் ஆக்சிஜன் முதலில் தீரும், குஞ்சுகள் இருப்பதோ அங்கேதான். ஒரு கோடையில் நான்கு மணி நேர மின்வெட்டில் ஒரு தொகுதிக் குஞ்சு முழுவதையும் இழந்த பிறகே பேட்டரி ஏர் பம்ப் வாங்கினேன். கூலிக்கு மென்னீரே ஏற்றது என்பதால், போர்வெல் தண்ணீர் கடினமாக உள்ள ஊர்களில் ஆர்ஓ நீரையோ மழைநீரையோ பாதிக்குப் பாதி கலப்பதும் இந்தச் செலவில் சேரும்.

ஏற்கெனவே மணல் போட்டு, ஸ்பாஞ்ச் ஃபில்டரோடு ஓடும் தொட்டி வைத்திருப்பவர், கூலிக்காக அதைக் கலைத்து அடியில் தட்டுப் போட வேண்டாம். அந்தத் தொட்டிக்கு அயிரையே பொருத்தம், குஞ்சு ஆசையை மட்டும் குறைத்துக்கொள்ள வேண்டும்.