டிரோல் மினியேச்சரின் அடித்தட்டுக்கு மணலா, டெக்ஸ்சர் பேஸ்டா?

60 மி.மீ. வட்டத் தட்டில் நிற்கும் டிரோலுக்கு (கதைகளில் வரும் அரக்கனின் சிறு பொம்மை) மண்தரை போட இரண்டு வழிகள்: மணலை ஒட்டுவது, அல்லது டெக்ஸ்சர் பேஸ்ட் (மண்போன்ற சொரசொரப்பு தரும் களிம்பு) பூசுவது.

செலவு
மணல்: சலித்த ஆற்றுமணல், வெள்ளைப் பெவிகால். அவ்வளவுதான்.
பேஸ்ட்: விலை அதிகம்; பெரிய தட்டுகள் டப்பாவைச் சீக்கிரம் காலி செய்துவிடும்.

நேரம்
மணல்: கழுவி உலர்த்தி ஒட்டி, ஓர் இரவு காயவிட வேண்டும்.
பேஸ்ட்: 1 மி.மீ. பூச்சு சில மணி நேரத்தில் காயும். கால்விரலில் பட்டால் ஈரத் தூரிகையால் உடனே துடைத்துவிடுங்கள்.

உறுதி
மணல்: உலர்தூரிகை (வண்ணத்தைப் பெரும்பாலும் துடைத்துவிட்ட தூரிகையால் மேடுகளை லேசாக உரசுவது) ஓட்டும்போது பொலபொலவென உதிரும். பெவிகாலும் தண்ணீரும் சம அளவு கலந்து, ஒரு சொட்டு பாத்திரச் சோப்பு சேர்த்து மேலே சொட்டவிடுங்கள். சோப்பு இல்லாவிட்டால் கலவை மணலுக்குள் இறங்காமல் முத்து முத்தாக நிற்கும். பலரும் விட்டுவிடும் படி இதுதான்.
பேஸ்ட்: உதிராது. ஒரே தடவையில் தடிமனாகப் போட்டால் சுருங்கி வெடிக்கும். வழவழப்பான பிளாஸ்டிக்கை உப்புத்தாளால் தேய்க்காவிட்டால் தோல்போல உரியும்.

வண்ணம்
இரண்டுக்கும் அடர்பழுப்பு, மேடுகளில் வெளிர்மஞ்சள் உலர்தூரிகை.

முப்பது சிறு பொம்மைகள் கொண்ட படைக்கு மணல். வண்ணம் முடித்துத் தட்டில் ஒட்டிவிட்ட பொம்மைக்குப் பேஸ்ட். தனியாக நிற்கும் பெரிய டிரோலுக்கு, ஈரப் பேஸ்டில் பருமணலையும் சிறு கற்களையும் அழுத்திவிடுவதே மிக அழகு.