மெடிக்கல் கடையில் வைத்துப் படிக்க எது தோது?

நான் மெடிக்கல் கடை வைத்திருப்பவள். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் தெரு அடங்கிவிடும். படிப்பதெல்லாம் அந்த நேரத்தில்தான். நடுவில் யாராவது காய்ச்சல் மாத்திரையோ இருமல் மருந்தோ கேட்டு வருவார்கள். புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போய்த் திரும்பி வந்தால், விட்ட இடத்தில் மனசு ஒட்ட வேண்டும். என் அளவுகோல் அவ்வளவுதான். இலக்கியத் தரத்தை விவரம் தெரிந்தவர்கள் பேசட்டும்.

'பொன்னியின் செல்வன்' கடைக்கு ஆகாது. அத்தியாயத்துக்கு அத்தியாயம் கல்கி கொக்கி போட்டு இழுப்பார், இங்கே சீட்டை நீட்டிக்கொண்டு ஆள் நிற்பார். ஐந்து பாகம் படித்தும் ஆதித்த கரிகாலனைக் கொன்றது இன்னார் என்று பட்டென்று சொல்லாத கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்' முதல் வாசிப்பில் பிரமாதம். பேயா விஞ்ஞானமா என்று வக்கீல்கள் கணேஷும் வசந்தும் மோதிக்கொள்ளும்போது எனக்கே கடையின் பின்பக்கம் போக யோசனையாக இருந்தது, அதுவும் பட்டப்பகலில். விடை தெரிந்தபின் மறுபடி எடுத்தால் மிச்சம் இருப்பது வசந்தின் ஜோக்குகள். பெண்களைப் பற்றி அவன் அடிப்பவற்றுக்கு இப்போது சிரிப்பு வருவதில்லை.

அதே ஆள் தான் வளர்ந்த ஸ்ரீரங்கத்தை வைத்து எழுதிய 'ஸ்ரீரங்கத்து தேவதைகள்' கதைகள் நேர் எதிர். ரங்கு கடைத் திண்ணை, கே.வி.யின் கிரிக்கெட், கண்டிப்பான பாட்டி. எது நடந்தது, எது அவர் சேர்த்தது என்று பிரிக்கவே முடியாது, பிரிக்கத் தோன்றவும் இல்லை. 'குண்டு ரமணி' கதையைச் சிரித்துக்கொண்டே படித்து வந்தேன். முடிவில் தொண்டை அடைத்து, வந்தவரிடம் பேச்சு வராமல் கையைக் காட்டி உட்காரச் சொன்னேன்.

சிரிப்புக்கு என்றால் சாவியின் 'வாஷிங்டனில் திருமணம்'. 1963இல் விகடனில் தொடராக வந்தது. அமெரிக்கக் கோடீஸ்வரி ராக்ஃபெல்லர் மாமிக்கு நம் ஊர்க் கல்யாணம் பார்க்கும் ஆசை. அதற்காக அப்பளம் இட இங்கிருந்து பாட்டிமார் விமானம் ஏறுகிறார்கள், ஜானவாச மாப்பிள்ளை ஊர்வலத்தில் குரைக்க நாய்கள்கூடப் போகின்றன. முதல் பாதி முழுக்கச் சிரித்தேன். போகப் போகக் கொஞ்சம் அலுப்பு. காசுக்குப் பஞ்சமே இல்லாததால் எது குறைந்தாலும் அடுத்த விமானத்தில் வந்து இறங்கிவிடுகிறது, எதற்கும் யாரும் திண்டாடுவதில்லை. கல்யாண வீட்டில் திண்டாட்டம் இல்லாவிட்டால் எப்படி?

அ. முத்துலிங்கத்தின் 'உண்மை கலந்த நாட்குறிப்புகள்' நாளுக்கு ஓர் அத்தியாயம் என்று படிக்க வேண்டியது. யாழ்ப்பாணத்துக் கொக்குவில், ஆப்பிரிக்கா, கனடா என்று எங்கே போனாலும் ஏமாந்து நிற்பவர் அவர்தான். சேர்ந்தாற்போல் நாலைந்து படித்தால் முடிப்பை எப்படித் திருப்புவார் என்று முன்கூட்டியே தெரிந்துபோகிறது.

என் ஓட்டு அசோகமித்திரனின் 'ஒற்றன்!' நாவலுக்கு. 1973இல் அயோவா பல்கலைக்கழகத்தில் பல நாட்டு எழுத்தாளர்களோடு சில மாதம் தங்கியிருந்த அனுபவத்தை வைத்து எழுதியது. குளிர், சாப்பாடு, அறைச் சிநேகிதம், மனஸ்தாபம், அவ்வளவுதான் விஷயம். நாவலுக்குப் பெரிய சார்ட் போட்டு வைத்திருக்கும் ஒரு தென்னமெரிக்க எழுத்தாளர் வருவார், அந்த இடத்தை நான் இரண்டு தடவை படித்தேன். "இதோ ஜோக்" என்று இவர் எங்கேயும் நிறுத்திச் சொல்வதில்லை. சாதாரணமாக ஒரு வரி போகும், மாத்திரை அட்டையைக் கத்தரிக்கும்போது திடீரென்று சிரிப்பு வரும். வாங்க வந்தவர் ஒரு மாதிரி பார்ப்பார். ஒவ்வொரு அத்தியாயமும் தனிக்கதை மாதிரி என்பதால் எங்கே மூடினாலும் நஷ்டமில்லை.

ஆனால் படிக்கும் பழக்கமே இல்லாதவருக்கு இதை முதலில் கொடுக்க மாட்டேன், "ஒன்றுமே நடக்கலையே" என்று திருப்பித் தந்துவிடுவார்கள். முதலில் சாவி, அப்புறம் ஸ்ரீரங்கம், அதற்குப் பிறகு இது.