முதல் முக்குளிப்பு: சுவராஜ் தீவின் டைவ் சென்டர் ஒன்றில் அரை நாள்

சுற்றுலாவியல் முதுகலை இறுதியாண்டுத் திட்டப்பணிக்காக, காற்றுச் சிலிண்டரைச் சுமந்து நீருக்கடியில் இறங்கும் பொழுதுபோக்கு ஸ்கூபா முக்குளிப்பில் பங்கேற்பவர்கள் யார், எத்தனை பேர் என்ற கேள்வியை எடுத்துக்கொண்ட நாங்கள் மூவரும், இரண்டு மாதங்கள் எண்களோடு மல்லுக்கட்டிய பிறகு, அந்தமானில் 2018 வரை ஹேவ்லாக் என்று அழைக்கப்பட்ட சுவராஜ் தீவுக்குச் சென்று, அங்குள்ள ஒரு டைவ் சென்டரில் ‘ட்ரை டைவ்’ எனப்படும் அறிமுக முக்குளிப்புக்குப் பணம் கட்டினோம். ஆளுக்கு 4,500 ரூபாய். படமும் வீடியோவும் அதில் அடக்கம். ஒரு காலத்தில் சங்கு குளிக்கிறவர்கள் மூச்சடக்கிச் செய்த வேலையைக் காசு கொடுத்தா செய்யப்போகிறீர்கள் என்று தூத்துக்குடிக்காரரான என் தாய்மாமா கேட்டார். அவருக்குச் சொல்ல எங்களிடம் பதில் இருக்கவில்லை. கட்டணத் தகராறு ஒன்று இன்னும் தீராததால், மையத்தின் பெயரை இங்கே எழுதவில்லை.

எண்களில் என்ன சிக்கல் என்பதைச் சொன்னால்தான் நாங்கள் ஏன் தண்ணீரில் இறங்கினோம் என்பது விளங்கும். 1966-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட பி.ஏ.டி.ஐ. போன்ற பயிற்சி அமைப்புகள் தாங்கள் வழங்கிய சான்றிதழ்களைத்தான் எண்ணுகின்றன. அந்த ஓர் அமைப்பின் மொத்தக் கணக்கு மட்டுமே இரண்டரைக் கோடியைத் தாண்டும். ஆனால் அடிப்படைப் பயிற்சி, மேல்நிலைப் பயிற்சி, மீட்புப் பயிற்சி என்று மூன்றையும் முடித்த ஒருவர் அதில் மூன்று முறை வருகிறார். பத்தாண்டுகளாகக் கடல் பக்கமே போகாதவரும் வருகிறார். அறிமுக முக்குளிப்பு சான்றிதழ்ப் பயிற்சியே அல்ல என்பதால், எங்களைப் போன்றவர்கள் அந்தக் கணக்கில் வருவதே இல்லை. அமெரிக்காவில் எடுப்பது போன்ற கருத்துக்கணிப்புகளிலோ, ஆண்டில் ஒரே ஒரு முறை இறங்கியவரும் பங்கேற்பாளர்தான். ஆக, ஒரே மனிதர் ஒரு கணக்கில் இருக்கிறார், இன்னொன்றில் இல்லை. அந்தமானுக்கு வரும் பயணிகளில் ஒரு பெரும் பங்கினர் இந்த ‘இல்லை’யில் அடங்குவார்கள் என்பது எங்கள் ஊகம், மையத்தின் வாசலில் அரை மணி நேரம் நின்றதில் அந்த ஊகம் வலுத்தது.

சேவையில் முதலில் பாராட்ட வேண்டியவர் பயிற்றுநர். 1925-இல் பர்மாவிலிருந்து மாயாபந்தர் பக்கம் குடியேறிய கரேன் சமூகத்தைச் சேர்ந்தவர். அந்தமான் முக்குளிப்புத் தொழிலில் அச்சமூகத்தாருக்குத் தனி மதிப்பு உண்டு. இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கவைத்து, மாஸ்க்கில் புகுந்த நீரை எப்படி வெளியேற்றுவது என்பதை நான்கு முறை செய்யச் சொன்னார்: மாஸ்க்கின் மேல்விளிம்பை நெற்றியோடு அழுத்தி, தலையைச் சற்றே நிமிர்த்தி, மூக்கால் ஊத வேண்டும். மூன்றாவது முறை உப்புநீர் தொண்டைக்குள் போய் நான் எழுந்து நின்றபோது, அவர் அவசரப்படவில்லை. இருமி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு மறுபடியும் தொடங்கினார். கட்டைவிரலை உயர்த்தினால் ‘சரி’ என்று பொருளல்ல, ‘மேலே போகலாம்’ என்று பொருள். அதை மறந்து நான் இரண்டு முறை உயர்த்தி, இரண்டு முறையும் மேலே கொண்டுவரப்பட்டேன்.

இரண்டு மீட்டர் ஆழத்திலேயே காது வலிக்கத் தொடங்கிவிடும் என்பதை யாரும் விளம்பரத்தில் சொல்வதில்லை. கடல்மட்டத்தில் இருக்கும் காற்றழுத்தம் பத்து மீட்டரில் இரு மடங்காகிறது. அந்த மாற்றத்தை முதலில் உணர்வது செவிப்பறை. மூக்கைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஊதினால் ‘டப்’ என்று ஒரு சிறு ஓசையோடு வலி விலகுகிறது; விலகாவிட்டால் சற்று மேலே ஏறி மறுபடி முயல வேண்டும். பயிற்றுநர் என் சிலிண்டரைப் பின்னாலிருந்து பிடித்தபடி, ஒவ்வோர் அரை மீட்டருக்கும் நிறுத்தி, முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் இறக்கினார். அறிமுக முக்குளிப்பின் உச்ச வரம்பு 12 மீட்டர். எங்களை 8 மீட்டரோடு நிறுத்திக்கொண்டார். கடற்சாமந்தியின் விரல்களுக்கிடையே கோமாளி மீன்கள் நுழைந்து வெளிவருவதையும், ஒரு கிளிமீன் பவளத்தைக் கடிக்கும் ‘கறுக் கறுக்’ ஓசையையும் அங்கேதான் அறிந்தேன். நடுவே நரைத்துப்போன பவளத் திட்டுகளும் இருந்தன. மேலே வரும்போது, சிலிண்டரில் எஞ்சிய காற்றைக் காட்டும் அழுத்தமானியில் 200-இல் தொடங்கிய முள் 90-இல் நின்றது. பயத்தில் நான் மற்றவர்களைவிட அதிகமாக மூச்சிழுத்திருக்கிறேன்.

குறை வரவேற்பு மேசையில்தான். உடல்நிலை பற்றிய கேள்வித்தாளைப் பணம் வாங்குவதற்கு முன்பு தர வேண்டும். அவர்கள் அதைப் பணமும் வாங்கி, வெட்சூட்டும் மாட்டிவிட்டு, கடற்கரையில் வைத்து நீட்டினார்கள். ஈரமான முழங்காலில் வைத்துக் கையெழுத்திடும் ஒருவர் எந்தக் கேள்வியையும் நிதானமாகப் படிக்கமாட்டார். எங்கள் குழுவில் ஒரு நண்பருக்கு ஆஸ்துமா உண்டு. அவர் அதை மறைக்காமல் ‘ஆம்’ என்று குறித்தார். மேசைக்காரர், ‘அதெல்லாம் ஒண்ணும் ஆகாது தம்பி, இல்லைன்னு போட்டுடுங்க’ என்றார். தாளை வாங்கிப் பார்த்த பயிற்றுநர் மருத்துவரின் சான்று இல்லாமல் இறக்க மாட்டேன் என்று மறுத்துவிட்டார். அவர் செய்தது முற்றிலும் சரி: நுரையீரலில் அடைபட்ட காற்று மேலே ஏறும்போது விரியும், அது உயிருக்கே ஆபத்து.

கரையில் தங்கிய நண்பர் சும்மா இருக்கவில்லை. அன்று காலை வந்த பதினொரு பேரிடம் பேசியதில், நீச்சல் தெரிந்தவர்கள் மூன்று பேர் மட்டுமே. மீண்டும் இறங்குவீர்களா என்று கேட்டதற்கு ஒன்பது பேர் ‘பார்க்கலாம்’ என்றார்கள். சான்றிதழ்ப் பயிற்சியின் கட்டணத்தைக் கேட்டறிந்தவர் ஒரே ஒரு பெண்மணி. பதினொரு பேரை வைத்து எதையும் நிறுவ முடியாதுதான். ஆயினும் எங்கள் ஆய்வுக் கேள்வித்தாளை அன்றிரவே மாற்றி எழுதினோம். ‘நீங்கள் முக்குளிப்பவரா?’ என்பதை அடித்துவிட்டு, ‘கடைசியாக எப்போது, எத்தனையாவது முறை இறங்கினீர்கள்?’ என்று சேர்த்தோம்.

செல்ல நினைப்பவர்கள் உடல்நிலைக் கேள்வித்தாளை முதல் நாளே கேட்டு வாங்கிப் படித்துவிடுங்கள். ஊர் திரும்பும் விமானத்துக்கும் முக்குளிப்புக்கும் இடையே குறைந்தது 12 மணி நேரமாவது இருக்கட்டும். ஒரு முறைக்கு மேல் இறங்கினால் 18 மணி நேரம். பயிற்றுநருக்கு ஐந்துக்கு ஐந்து மதிப்பெண் தருகிறேன். வரவேற்பு மேசைக்கு ஒன்றரை. நண்பருக்குப் பாதித் தொகையைத் திருப்பித் தந்துவிட்டு, மீதி 2,250 ரூபாயை ஒரு வாரத்தில் அனுப்புவதாகச் சொன்னார்கள். ஐந்தாவது வாரம் நடக்கிறது.