எசாஸா ஐபாஸா, கேன்சர் நோயாளிகிட்ட எதை வச்சு கேக்கறது?

கடலூர், பண்ருட்டி பக்கம் வீடு வீடா போய் பாலியேட்டிவ் கேர், அதாவது பெரிய நோய்ல இருக்கறவங்களோட வலி, அவஸ்தைய கொறைக்கிற பராமரிப்பு, பாக்குறோம். புதுசா வர்ற நர்ஸுங்க எல்லாருமே நோயாளிக்கு என்னென்ன தொந்தரவு, எவ்ளோன்னு கேட்டு மார்க் போடுற எசாஸ் (ESAS), ஐபாஸ் (IPOS) இந்த ரெண்டு ஃபார்ம்ல எது நல்லதுன்னு கேக்குறாங்க, அதான் எழுதறேன்.

எசாஸ் 1991-ல கனடா எட்மன்டன்ல வந்தது. வலி, சோர்வு, குமட்டல், மூச்சு வாங்கறது, மனசு சோர்வுன்னு ஒம்போது விஷயம், ஒவ்வொண்ணுக்கும் 0-லேர்ந்து 10 வரைக்கும் மார்க். இப்ப எப்படி இருக்குன்னு மட்டும் கேக்கும், சட்டுனு முடிஞ்சிரும். கடுமையான வலிக்கு குடுக்குற மார்ஃபின் மருந்தோட டோஸ் ஏத்துனப்பறம் வலி 7-லேர்ந்து 3-க்கு எறங்குச்சான்னு தெரிஞ்சிக்க இத அடிச்சிக்க ஆளே இல்ல. ஆனா அந்த ஒம்போதுல மலச்சிக்கல் கெடையாது! மார்ஃபின் சாப்பிடறவங்களுக்கு அதான் பெரிய ரோதனை, பேதி மாத்திரை கூடவே குடுக்கணும், நாமளா கேக்கலன்னா அவங்க வெக்கப்பட்டு வாயே தெறக்க மாட்டாங்க.

ஐபாஸ் லண்டன் கிங்ஸ் காலேஜ் பண்ணது. மலச்சிக்கல், வாய்ப்புண், வாய் காயறது எல்லாம் இதுல இருக்கு, வாய் கேன்சர் கேஸ் நெறய பாக்குற நமக்கு இது முக்கியம். மார்க் 0-லேர்ந்து 4 தான். இல்லவே இல்ல, கொஞ்சம், ஓரளவு, ரொம்ப, தாங்க முடியலன்னு வாயால சொல்லிக் கேட்டா பள்ளிக்கூடம் போகாத ஆயாவும் டக்குனு சொல்லிடும், பத்துக்கு எவ்ளோன்னு கேட்டா முழிக்கும்.

எனக்கு ஐபாஸ் பிடிச்சதுக்கு காரணமே வேற, உங்களுக்கு பெரிய கவலை என்னன்னுதான் அது மொதல்ல கேக்கும், வீட்டாளுங்க பதட்டம், பணங்காசு, வீட்டு விவகாரம் வரைக்கும் போவும். முந்திரி ஒடைக்கிற ஆயா ஒண்ணு, எசாஸ்ல வலி 2, மத்ததெல்லாம் கம்மி, பாத்தா நல்லா இருக்குன்னுதான் தோணும். ஐபாஸ் கேட்டப்ப “எம் பேர்ல இருக்குற பேங்க் பொஸ்தகத்த மருமவ பேருக்கு மாத்தணும் கண்ணு, நான் போயிட்டா அது எங்க போயி நிக்கும்”னு சொல்லிட்டு அழுதுச்சு. ராத்திரி தூங்காம கெடந்ததுக்கு அதான் காரணம், மாத்திரை ஏத்தி என்ன பிரயோசனம்?

அதனால மொத தடவ போறப்பவும் நெலம மாறுறப்பவும் ஐபாஸ், நடுவுல மருந்து சரி பாக்க எசாஸ். பேச முடியாத நெலமைக்கு வந்தவங்களுக்கு ஐபாஸ்லயே ஸ்டாஃப் போடுற ஃபார்ம் தனியா இருக்கு, கூடவே இருக்குற மகளையோ மருமகளையோ பக்கத்துல வச்சிக்கிட்டு போடுங்க, மொகம் சுளிக்கிறது எப்பன்னு அவங்களுக்குத்தான் தெரியும்.