பிப்ரவரியில் விற்கப்பட்ட “இவ்வாண்டின் முதல் கொழுந்து”

கடந்த பிப்ரவரி மாதம் இரண்டாம் வாரத்தில், ஜார்ஜ்டவுனில் பழைய கடைவீட்டு வரிசையொன்றில் இருக்கும் பரிசுப்பொருள் கடையில், 100 கிராம் தேயிலைக்கு 168 ரிங்கிட் கொடுத்து ஏமாந்தேன். அது என் பணம் மட்டும் அன்று. பணி ஓய்வு பெறும் எங்கள் தமிழ்ப்பள்ளி ஆசிரியருக்குப் பரிசளிப்பதற்காக, ஒரே வகுப்பில் படித்த 14 பேர் ஆளுக்குப் பன்னிரண்டு ரிங்கிட் போட்டுச் சேர்த்த தொகை அது. வாங்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. பினாங்கில் இதே போன்ற பரிசைத் தேடிக்கொண்டிருப்பவர்கள் பணத்தை எடுத்து நீட்டுவதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

ஐயா கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய தந்தை தேயிலை ஆலையில் வேலை பார்த்தவர். இனிப்பு நோய் வந்த பிறகு பாலும் சீனியும் அவருக்கு விலக்கு என்பதால், எந்தக் கடைக்குப் போனாலும் தே ஓ கோசோங் மட்டுமே கேட்பார். தேயிலையின் சுவையை மறைக்க எதுவும் சேர்க்காமல் குடிக்கும் ஒருவருக்கு நல்ல இலைத் தேயிலையைவிடப் பொருத்தமான பரிசு இல்லை என்று நாங்கள் நினைத்ததில் தவறில்லை. தவறு அடுத்த கட்டத்தில் நடந்தது.

“அண்ணே, இது டார்ஜிலிங். ஒரே தோட்டத்து இலை, கலவை கிடையாது. இந்த வருசத்து ஃபர்ஸ்ட் ஃப்ளஷ், போன வாரந்தான் வந்துச்சு” என்றார் கடைப் பையன். ஃபர்ஸ்ட் ஃப்ளஷ் என்றால் ஆண்டின் முதல் பறிப்பில் கிடைக்கும் கொழுந்து. மரப்பெட்டியும், அதன் மேல் தங்க நிற நாடாவும், மூடியில் பொறித்திருந்த தோட்டத்தின் பெயரும் அவர் சொன்னதற்குச் சாட்சி போல் இருந்தன. முகர்ந்து பார்க்கலாமா என்று கேட்டதற்கு, உள்ளே காற்றுப் புகாமல் அடைத்திருக்கும் பையைப் பிரித்தால் விற்க முடியாது, மாதிரியும் இல்லை என்றார். பசாரில் இரண்டு ரிங்கிட் வெண்டைக்காயை நுனி முறித்துப் பார்த்து வாங்கும் நான், 168 ரிங்கிட் பொருளைப் பார்க்காமலும் முகராமலும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

மூன்று வாரம் கழித்து ஐயாவின் வீட்டுக்குப் போயிருந்தபோது, தேயிலை எப்படி இருக்கிறது என்று நானாகத்தான் கேட்டேன். அவர் நேரடியாகப் பதில் சொல்லவில்லை. சற்றுத் தயங்கிவிட்டு, பெட்டியை எடுத்துவந்து, ஒரு வெள்ளைத் தட்டில் இரண்டு சிட்டிகை கொட்டி என் முன்னால் வைத்தார். இலை முழுவதும் ஒரே கறுப்பாக, உடைந்தும் குச்சி கலந்தும் கிடந்தது. முகர்ந்து பார்த்தபோது பழைய நோட்டுப் புத்தகத்தின் வாடை வந்தது. அதற்குப் பின்னால் மெல்லிய சந்தன ஊதுபத்தி மணம். அந்தக் கடையில் பகல் முழுவதும் ஊதுபத்தி எரிந்துகொண்டிருந்தது அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. தேயிலை பக்கத்தில் இருக்கும் வாசனையை இழுத்துக்கொள்ளும் பொருள். காற்றுப் புகாமல் அடைக்கப்பட்ட பை என்று சொன்னதும் பொய்தான்.

பிறகு மூன்று நிமிடம் ஊறவைத்து வடித்தார். சாயம் செங்கல் நிறத்தில் இறங்கியது. முதல் கொழுந்தை டார்ஜிலிங்கில் நன்றாக வாட்டியெடுப்பார்கள் என்பதால், காய்ந்த இலையில் பச்சை தெரியும், நடுவே வெள்ளி மொட்டுகள் இருக்கும், சாயமும் வெளிர்ப் பொன்னிறத்தைத் தாண்டாது என்று விளக்கினார். கடைசியாகத்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

“எப்பப்பா வாங்கினே?”

“பிப்ரவரியில ஐயா.”

“பிப்ரவரியில அங்க குளிர்ல செடியே தூங்கிக்கிட்டு இருக்கும். எந்தக் கொழுந்தைக் கிள்ளுவாங்க?”

டார்ஜிலிங்கில் முதல் பறிப்பு பிப்ரவரி இறுதியிலோ மார்ச்சிலோ தொடங்கி ஏப்ரல் வரை நடக்கும். மே, ஜூன் மாதங்களில் இரண்டாம் பறிப்பு. மழைக்காலத்துக்குப் பின் அக்டோபர், நவம்பரில் இலையுதிர்காலப் பறிப்பு. ஆகவே இவ்வாண்டின் முதல் கொழுந்து பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் பினாங்குக் கடையில் இருக்க வழியே இல்லை. பெட்டிக்குள் இருந்த துண்டுச்சீட்டில் “மஸ்கடெல் மணம்” என்று வேறு அச்சிட்டிருந்தார்கள். பழுத்த திராட்சையை நினைவூட்டும் அந்த மணம் இரண்டாம் பறிப்புக்கு உரியது. பச்சைத் தத்துப்பூச்சி கடித்த கொழுந்தில்தான் அது மிகும். சீட்டை எழுதியவருக்கும் தேயிலைக்கும் சம்பந்தமில்லை என்பதற்கு அந்த ஒரு வரியே போதும்.

மிச்சமிருந்த சந்தேகத்தையும் ஐயாவின் மனைவி தீர்த்துவைத்தார். பெட்டியின் அடியில் இருந்த விலைச்சீட்டை ஈரத்துணியால் தேய்த்து உரித்தபோது, இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய பொதியிட்ட தேதியும், பல தோட்டத் தேயிலைகளின் கலவை என்ற பொடி எழுத்தும் கீழே இருந்தன.

டார்ஜிலிங் என்ற பெயருக்கு இந்தியாவில் 2004இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. அந்தப் பாதுகாப்பைப் பெற்ற முதல் இந்தியப் பொருள் அதுதான். அந்தப் பெயருக்கு உரிமையுள்ள தோட்டங்கள் 87. அவை அனைத்தும் சேர்ந்து ஆண்டுக்கு ஒரு கோடி கிலோகூட விளைவிப்பதில்லை. பெயருக்கு இருக்கும் கிராக்கியோ மிகப் பெரிது. கலப்படமும் போலியும் அந்த இடைவெளியில்தான் நுழைகின்றன. அதிலும் பரிசுத் தேயிலை ஏமாற்றுக்காரர்களுக்கு மிக வசதியான சரக்கு. வாங்குபவர் அதைக் குடிப்பதில்லை, குடிப்பவர் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை. நான் கேட்டிராவிட்டால் ஐயாவும் சொல்லியிருக்கமாட்டார்.

கடைக்குத் திரும்பிப் போனபோது, விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது என்ற அறிவிப்பைக் காட்டினார்கள். மேலாளர் என்று வந்தவர், வேண்டுமானால் 30 ரிங்கிட்டுக்குப் பொருள் வாங்கிக்கொள்ளப் பற்றுச்சீட்டு தருகிறேன் என்றார். சொன்ன விவரத்துக்கும் கொடுத்த பொருளுக்கும் பொருத்தமில்லாதபோது, 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் நமக்குத் தரும் உரிமையை அப்படியோர் அறிவிப்புப் பலகை பறித்துவிட முடியாது. பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டணத்தில், வழக்கறிஞர் இல்லாமலேயே, 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையைப் பதிவு செய்யலாம். ரசீது, உரித்த சீட்டின் படம், துண்டுச்சீட்டு ஆகியவற்றோடு நான் பதிவு செய்தேன். விசாரணை நாளுக்கு முன்பே கடையிலிருந்து அழைப்பு வந்தது. மே மாதம் முழுப் பணமும் வங்கிக் கணக்கில் சேர்ந்தது. மன்னிப்பு எதுவும் வரவில்லை.

நீங்கள் வாங்கப் போகிறீர்கள் என்றால், பறித்த மாதத்தையும் ஆண்டையும் கேளுங்கள். “புதுசு” என்ற பதிலை ஏற்காதீர்கள். டார்ஜிலிங் தோட்டங்கள் அந்தந்த ஆண்டின் ஒவ்வொரு தொகுப்புக்கும் டிஜே என்ற எழுத்துகளோடு வரிசை எண் இடும் வழக்கம் உண்டு. ஒரே தோட்டத்து இலை என்று விலை சொல்பவருக்கு அந்த எண் தெரிந்திருக்க வேண்டும். முகர மாதிரி தராத கடையில் பெரிய விலைக்கு வாங்காதீர்கள். விலைச்சீட்டுக்கு அடியில் வேறொரு சீட்டு தட்டுப்பட்டால் அங்கேயே உரித்துக் காட்டச் சொல்லுங்கள். கூச்சப்பட வேண்டியவர் நீங்கள் இல்லை. ஆண்டின் தொடக்கத்தில் பரிசு தேவையென்றால், டிசம்பர், ஜனவரிக் குளிரில் பறிக்கும் நீலகிரித் தேயிலையை விசாரிக்கலாம், அல்லது முந்தைய ஆண்டின் இலையுதிர்கால டார்ஜிலிங்கை அந்தப் பெயரிலேயே வாங்கலாம்.

திரும்பி வந்த பணத்தைப் பங்கு பிரிக்க வேண்டாம் என்று வகுப்பு நண்பர்கள் சொல்லிவிட்டார்கள். இவ்வாண்டின் இரண்டாம் பறிப்பு இங்கே வந்து சேர ஆகஸ்டு ஆகும் என்பதால் காத்திருக்கிறோம். இம்முறை கடைக்கு ஐயாவையே அழைத்துப் போவதாக ஏற்பாடு.