ஒத்துவாக்கியங்களுடன் பெரிய எழுத்து வேதாகமம்: எட்டு மாத வாசிப்புக்குப் பின்

மதுப்பழக்கத்திலிருந்து மீண்டு வருவோர் தங்கியுள்ள ஓர் இல்லத்தில் வாரந்தோறும் வேதம் வாசித்து ஜெபிக்கச் செல்கிறேன். அங்கே பயன்படுத்துவதற்காகவே, பெரிய எழுத்தில் அச்சிட்ட, ஒத்துவாக்கியங்கள் (ஒரு வசனத்தோடு தொடர்புள்ள வேறு வசனங்களைச் சுட்டும் பக்க ஓரக் குறிப்புகள்) கொண்ட இந்த வேதாகமத்தை எட்டு மாதங்களுக்கு முன்பு வாங்கினேன். சபைகளில் இன்றும் வாசிக்கப்படும் பழைய மொழிபெயர்ப்புதான் இதில் உள்ளது. எழுத்து கறுப்பாகவும் தெளிவாகவும் இருப்பதால், கண்ணாடியை மறந்து வந்தவர்களும் தடுமாறாமல் வாசிக்கிறார்கள்.

ஆனால் என் மனத்தைக் கவர்ந்தவை ஒத்துவாக்கியங்களே. 2 இராஜாக்கள் 21-ஆம் அதிகாரத்தோடு நிறுத்திக்கொள்பவர், 12 வயதில் ராஜாவாகி 55 ஆண்டுகள் யூதாவை ஆண்ட மனாசே, எருசலேமைக் குற்றமற்றவர்களின் இரத்தத்தால் நிரப்பிய பாவியாகவே மாண்டான் என்று எண்ணுவார். பக்க ஓரத்துக் குறிப்பைப் பின்பற்றி 2 நாளாகமம் 33-க்குப் போனால்தான், அவன் சங்கிலியால் கட்டுண்டு பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டதும், அந்த நெருக்கத்தில் தன்னை மிகவும் தாழ்த்திக் கெஞ்சியதும், கர்த்தர் அவனைத் திரும்ப எருசலேமுக்கு வரப்பண்ணினதும் தெரியவருகின்றன. பாதி வழியில் ஊழியத்தை விட்டுத் திரும்பிய மாற்குவை, 'ஊழியத்தில் அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன்' என்று பவுல் பின்னாளில் அழைத்ததையும் இப்படியே தேடி வாசித்தோம்.

குறை என்று சொன்னால், இயேசுவின் சீடனான பேதுருவின் இரண்டு நெருப்புகளை இந்தப் பதிப்பு இணைக்கவில்லை. பிரதான ஆசாரியனின் முற்றத்தில் குளிர்காய்ந்தபடி பேதுரு ஆண்டவரை அறியேன் என்று மறுதலித்தது கரிநெருப்பின் அருகே (யோவான் 18:18). உயிர்த்தெழுந்த இயேசு திபேரியாக் கடற்கரையில் அவனுக்காக மீனும் அப்பமும் வைத்துக் காத்திருந்ததும் கரிநெருப்பின் அருகே (யோவான் 21:9). கிரேக்க மூலத்தில் அந்தச் சொல் புதிய ஏற்பாடு முழுவதிலும் இந்த இரண்டு இடங்களில்தான் வருகிறது. மதுக்கடையைக் கடக்கும்போது வரும் வாசனை தன்னை இன்னும் கலங்கடிப்பதாகச் சொல்லியிருந்த ஒருவர், இரண்டாவது வசனத்தின் மேல் விரலை வைத்து, "அந்தப் புகை வாசனை பட்டதுமே அவருக்கு அந்த ராத்திரி ஞாபகம் வந்திருக்கும் ஐயா" என்றார். இத்தனை ஆண்டுகளில் எனக்குத் தோன்றாத ஒன்றை அவர் கண்டுகொண்டார். அவருடைய பலவீனமே அவருக்கு அந்த வசனத்தைத் திறந்து கொடுத்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன். அந்த நெருப்பருகே இயேசு அந்த மறுதலிப்பின் இரவைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்காமல், மூன்று முறை மறுதலித்தவனிடம் மூன்று முறை அன்பை விசாரித்து, மூன்று முறையும் தம்முடைய ஆடுகளை ஒப்படைக்கிறார். தோற்ற இடத்தைப் போன்ற ஓர் இடத்திலேயே பேதுருவுக்கு வேலை திரும்பக் கிடைக்கிறது. அந்த வசனத்தின் ஓரத்தில் 18:18 என்று பென்சிலால் நானே எழுதி வைத்திருக்கிறேன்.

தாள் மெல்லியது, மறுபக்க எழுத்து சற்றே தெரிகிறது. கனமும் அதிகம் என்பதால், பயணத்துக்கு எடுத்துச் செல்ல ஏற்றதல்ல. தையல் மட்டும் இதுவரை தளரவில்லை. குழுவாக அமர்ந்து மேசைமேல் விரித்து வாசிப்போருக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். அந்த இல்லத்திலேயே வைத்துவிட இன்னொரு பிரதி சொல்லியிருக்கிறேன். வந்ததும் அதிலும் அந்த எண்ணை எழுத வேண்டும்.