பெர்கமோட்டா, நம்ம எலுமிச்சையா?

பூசிக்கொள்ளும் வாசனைத் திரவியத்தில் பெர்கமோட் என்ற புளிப்புப் பழத்தின் மணம் நல்லதா, நம்ம எலுமிச்சை மணமா? ஒப்பிட்டுப் பார்க்க, கிருஷ்ணகிரி சந்தையில் வாங்கிய எலுமிச்சையின் தோலை நகத்தால் கீறி, பக்கத்தில் பெர்கமோட் மணம் ஏற்றிய எர்ல் கிரே டீ பொட்டலம் ஒன்றைப் பிரித்து வைத்தேன். பெர்கமோட்டை இந்த ஊரில் முகர்ந்து பார்க்க எனக்குத் தெரிந்த சுலபமான வழி அதுதான்.

பெர்கமோட் பெரும்பாலும் விளைவது தெற்கு இத்தாலியின் கலாப்ரியாவில். பழத்தை அப்படியே தின்பது கஷ்டம், அவ்வளவு புளிப்பும் கசப்பும்; முக்கியமாகத் தோலுக்காகவே வளர்க்கிறார்கள். அதன் எண்ணெயில் லினலைல் அசிடேட் நிறைய இருக்கிறது. லாவெண்டரிலும் உள்ள பொருள்தான் அது. அதனால்தான் புளிப்புக்கு அடியில் பூவின் மென்மை வருகிறது. மல்லிகையோடும் சந்தனத்தோடும் இழைகிறது. 1709-இல் ஜெர்மனியின் கொலோன் நகரில் தொடங்கிய ஃபரினா வாசனை நிறுவனத்தின் கொலோன் என்ற வாசனை நீருக்கும் பெர்கமோட்தான் உயிர்.

நம்ம எலுமிச்சை முரட்டுப் பிள்ளை. முதல் நொடியில் மூக்கைச் சுண்டும், சீக்கிரமே ஓடிவிடும். இதை வெளிநாட்டில் லைம் என்பார்கள். அவர்களுடைய லெமன் வேறு பழம். தோலைப் பிழிந்த எண்ணெய் பச்சையாக, கூர்மையாக மணக்கும். நீராவியில் வடித்தாலோ கோலா பானத்தின் வாசனை வந்துவிடும்!

ஒரு எச்சரிக்கை: பெர்கமோட், எலுமிச்சை இரண்டில் எதன் தோலைப் பிழிந்த எண்ணெயானாலும் தோலில் அப்படியே தடவி வெயிலில் போகாதீர்கள், புண்ணாகிவிடும். வாசனைத் திரவியத்துக்குப் பெர்கமோட் எண்ணெயில் இப்படிப் புண்ணாக்கும் பொருளை நீக்கியே பெரும்பாலும் சேர்க்கிறார்கள்.

சாயங்காலக் கல்யாணத்துக்கு நான் பெர்கமோட் பக்கம். சித்திரை வெயிலில் பஸ் ஏறும்போது மட்டும் எலுமிச்சை.